பங்குனிச் சருகும் ஆடி எருவும்: பொது இடத்துக் குப்பையைப் பற்றிய சட்டங்கள்

மாசித் திங்களின் இறுதி தொடங்கிப் பங்குனி முடியும் வரையில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேம்பும் புங்கும் அரசும் தங்கள் இலைகளைச் சொரிகின்றன. அக்காலத்தில் வீட்டு முற்றமும் தெருவும் களமும் கோயில் வெளியும் நாள்தோறும் கூட்டப்படுகின்றன. கூட்டிய சருகு எங்கே போகிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்க விஷயம். ஒரு பகுதி தெருவோரத்தில் குவிக்கப்பட்டுத் தீயிடப்படுகிறது. ஒரு பகுதி பாசன வாய்க்காலின் கரையில் கொட்டப்படுகிறது. எஞ்சியது காற்றில் பறந்து சாக்கடையை அடைக்கிறது. ஆடிப்பட்டம் நெருங்கியதும் அதே ஊரின் நிலச்சொந்தக்காரர் எருவை விலை கொடுத்து வாங்கும்பொருட்டு அயலூருக்குச் செல்கின்றார்.

பங்குனியின் நடுவிலிருந்து ஆடியின் நடுவு வரையில் உள்ள காலம் நான்கு மாதமாகும். முறைப்படி குழியிலிட்டுக் கிளறிவந்தால் சருகு மக்கி எருவாவதற்கு அவ்வளவு காலமே போதும். ஆகவே இலையுதிர்வுக்கும் விதைப்புக்கும் இடையே ஊர் செய்யத் தவறும் காரியம் ஒன்றே. அது செய்யப்படாமைக்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. பொது இடத்தில் குப்பையைக் குவிப்பதும் எரிப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை என்பதைப் பலர் அறியார். அறிந்த அதிகாரிகளிலும் சிலர், தடுப்பதோடு தம் கடமை முடிந்ததென எண்ணி, குப்பையை வேறெங்கே இடுவது என்ற வினாவுக்கு விடை கூறாது விடுகின்றனர். சட்டம் எதைத் தடுக்கிறது, எதற்கு இடங்கொடுக்கிறது என்னும் இரண்டையும் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் ஒருங்கே அறிந்திருத்தல் அவசியமாம்.

பொது இடமும் அதன் பொறுப்பும்

கிராமத்துப் பொதுத் தெருக்களும் பாதைகளும் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 110-ஆவது பிரிவில் ஊராட்சியின் கடமைகளை வகுத்துரைக்கிறது. தெருக்களைத் தூய்மை செய்தல், குப்பைமேடுகளை அகற்றுதல், மண்டிய புதர்களையும் சப்பாத்திக்கள்ளியையும் களைதல், பயனற்ற கிணறுகளையும் சுகாதாரக்கேடான குட்டை குழிகளையும் தூர்த்தல் என்பன அவற்றுட் சில. சப்பாத்திக்கள்ளி என்ற சொல் பழைய சட்டங்களிலிருந்து தொடர்ந்து வந்ததாகும். 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒருவகைச் செதிற்பூச்சி அக்கள்ளியைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. கள்ளி குறைந்தது, குப்பைமேடு குறையவில்லை.

களம், மந்தைவெளி, மேய்ச்சல் நிலம், வண்டிப்பேட்டை, தோப்பு, இடுகாடு, சுடுகாடு ஆகிய புறம்போக்குகள், அரசாங்கத்தின் தனிப்பட்ட தேவைக்கு வேண்டப்படாதவையாயின், அதே சட்டத்தின்படி ஊராட்சியைச் சார்கின்றன. விதிகளுக்கு உட்பட்டு அவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் ஊராட்சிக்கு உண்டு. இவ்வதிகாரம் எருக்குழி விஷயத்தில் எவ்வாறு உதவும் என்பது பின்னர்க் கூறப்படும்.

குவிப்பவர்க்குச் சட்டம் கூறுவது

சர்க்கார் நிலத்தை அனுமதியின்றி அனுபவிப்பதைத் தடுக்கும் சட்டம் 1905-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமாகும். கிராமங்களில் ‘பி மெமோ’ என்று வழங்கும் அறிவிப்பு இச்சட்டத்தின்கீழ் எழுவதே. வீடு கட்டியவர்க்கும் வேலி அடைத்தவர்க்கும் மட்டுமே இது பொருந்தும் என்று பலரும் கருதுகின்றனர். அவ்வாறன்று. அனுமதியின்றி அனுபவிக்கப்படும் நிலத்தின்மேல் போடப்பட்ட எப்பொருளையும், உரிய அறிவிப்புக் கொடுத்தும் அகற்றப்படாவிடின், பறிமுதல் செய்யலாம் என்பது அச்சட்டத்தின் ஆறாவது பிரிவின் கருத்து. ஆண்டு முழுவதும் சாணத்தையும் சருகையும் சேர்த்துப் புறம்போக்கில் மேடாக்கி வைத்த ஒருவர், அந்த எருவின்மீது தமக்குள்ள உரிமையையே இழக்கக்கூடும். தம் நிலத்தில் வெட்டிய குழியில் அது கிடந்திருப்பின் அதனை எவரும் தொட இயலாது. எருவின் மதிப்பை அறிந்த விவசாயிக்கு இவ்வொரு காரணமே போதுமானது.

பொதுவழியில் ஒரு பொருளைப் போட்டு, அதனால் வழிச்செல்வோர்க்கு இடையூறோ ஆபத்தோ விளைவித்தல் தனிக் குற்றமாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சங்கிதையின் 285-ஆவது பிரிவு இதற்கு 5,000 ரூபாய் வரையில் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இரவு நேரத்தில் தெருவளைவில் கிடக்கும் தென்னைமட்டைக் குவியலின்மேல் வண்டி ஏறிக் கவிழ்ந்தால், குவித்தவரே அதற்கு விடை கூறவேண்டியவராவார். நோய்க்கு ஏதுவாகும் குப்பைக் குவியலை, அது எவருடைய இடத்தில் இருப்பினும், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தொல்லை என்றே கொள்ளுகிறது. ஆகையால் சொந்தப் புறக்கடையில் உள்ள குழியையும் ஈ மொய்க்காமல் மண்ணிட்டு மூடிவைத்தல் கடமையாம்.

தோட்டக்கழிவைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவை 2016 ஏப்ரல் 8-ஆம் நாள் மத்திய அரசாங்கம் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளாகும். நகரங்களையும், மக்கட்கணக்கெடுப்பில் நகரெனக் குறிக்கப்பட்ட ஊர்களையும், பெருநகரையொட்டி வளர்ந்த பகுதிகளையும் நோக்கி அவை வகுக்கப்பட்டன. தம் வளாகத்தில் உண்டாகும் தோட்டக்கழிவை ஒவ்வொருவரும் தம் இடத்திலேயே தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளாட்சி கூறும் முறைப்படி ஒப்புவிக்கவேண்டும் என்றும், தெருவிலோ பொதுவெளியிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ குப்பையை எறிதலும் எரித்தலும் புதைத்தலும் கூடா என்றும் அவை விதித்தன. பூங்காக்களின் சருகை இயன்றவரையில் அவ்விடத்திலேயே மக்கவைக்குமாறு உள்ளாட்சிகளுக்கும் கடமை வகுத்தன. இவ்விதிகளுக்குப் பதிலாக 2026 ஜனவரியில் புதிய விதிகள் வெளியிடப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டது. ஈரக்கழிவு, உலர்கழிவு, சுகாதாரக்கழிவு, தனிக்கவனத்துக்குரிய கழிவு என நால்வகையாகப் பிரித்தளித்தலை அவை வற்புறுத்துகின்றன.

பிரித்தல் என்பது நகரத்தாருக்கு மட்டும் உரியதென விவசாயிகள் எண்ணலாகாது. கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் உறையும் கலந்த எரு வயலில் விழுந்தால், நடவு செய்வாரின் காலைக் கிழிப்பதும் மண்ணில் நீர் இறங்குவதைத் தடுப்பதும் அதுவே. மின்கலத்தின் உலோகங்கள் ஒருமுறை மண்ணிற் சேர்ந்தால் பிரித்தெடுக்கும் வழியில்லை. தூய்மைக் காவலர் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது பிரித்துக் கொடுப்பவர், உண்மையில் தம் ஊர் வயலைப் பாதுகாப்பவராவார்.

வாய்க்காலில் கொட்டுதல்

பாசன வாய்க்காலில் சருகு கொட்டுவோர், தண்ணீர் வந்தால் அது போய்விடும் என்று கருதுகின்றனர். அது போகுமிடம் மதகும் கடைமடையும் ஆகும். மதகின் வாயில் மட்டையும் சருகும் சிக்கினால், தலைமடைக்காரர் வயலில் நீர் தேங்கிநிற்கக் கடைமடைக்காரர் நாற்று காய்கிறது. பழிக்கு ஆளாவது முறைநீர் விடுபவரே. கொட்டியவர் பெயர் வெளிவருவதில்லை. பொது ஊற்றையும் நீர்த்தேக்கத்தையும் பயன்பாட்டுக்கு உதவாதபடி வேண்டுமென்றே மாசுபடுத்துதல் மேற்கூறிய சங்கிதையின் 279-ஆவது பிரிவின்கீழ்க் குற்றமாம். ஏரிகளின் எல்லையைக் காக்க 2007-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. ஏரியின் உட்புறத்தில் குப்பை கொட்டி மேடாக்குதலே பல இடங்களில் ஆக்கிரமிப்பின் முதற்படியாக அமைகிறது. ஆதலால் கிராம நிர்வாக அலுவலர் அதனைச் சிறு விஷயமெனத் தள்ளிவிடலாகாது.

தீயிடுதலின் நஷ்டம்

2016 டிசம்பர் 22-ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை விலக்கியது. சாதாரணமாக எரிப்பவர்க்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவர்க்கு 25,000 ரூபாயும் செலுத்தவேண்டுமென அது ஆணையிட்டது. போகியன்று பழையன கழிக்கும் வழக்கம் தொன்மையானதே. ஆயினும் அதனை முன்னிட்டு ஊர்க் கூளம் அனைத்தையும் கொளுத்துவது வழக்கமும் அன்று, இலாபமும் அன்று.

சருகை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாய்ப் போய்விடுகிறது. சாம்பலில் எஞ்சுவன சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் சிறிதளவு மணிச்சத்துமே. சாம்பலும் தெருவில் கிடந்து முதல் மழையில் சாக்கடைக்குச் செல்கிறது. மண்ணைப் பொதுபொதுப்பாக்கி ஈரத்தை நிறுத்தும் அங்ககப் பொருளில் ஒரு பிடியும் மிஞ்சுவதில்லை. வறண்ட வட்டங்களில் மானாவாரிப் பயிருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

புறக்கடை இல்லாதார் நிலை

சட்டத்தை நிறைவேற்றும் கிராம அதிகாரிகள் சிந்திக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. புறக்கடையும் தோட்டமும் உடையவர் குப்பையைத் தம் எல்லைக்குள் வைத்துக்கொள்ளுதல் எளிது. இரண்டு சென்ட் மனையில் குடியிருந்து, ஒரு கறவையோ நான்கு ஆடுகளோ வளர்க்கும் குடும்பத்துக்குக் குழி வெட்ட இடமேது? அவர்கள் சேர்க்கும் சாணமும் சருகும் தெருவோரத்திலேயே குவிகின்றன. ஆண்டிறுதியில் அதனை நிலச்சொந்தக்காரருக்கு விற்றுச் சிறிது பணம் பெறுகின்றனர். குவியலை அகற்றுமாறு அறிவிப்புக் கொடுத்தால் அவ்வருமானம் போகிறது. அறிவிப்புக் கொடாவிடில் தெரு நாறுகிறது. இடம் காட்டாமல் தடை மட்டும் விதிப்பது, இடமுள்ளவர்க்கு ஒரு நீதியும் இடமில்லாதவர்க்கு ஒரு நீதியுமாய் முடியும்.

இதற்கு வழி, ஊராட்சியின் பொறுப்பிலுள்ள புறம்போக்கில் தகுதியான ஓரிடத்தைப் பொது எருக்களமாக ஒதுக்கி, குழிகளை எண்ணிட்டு, இடமில்லாத குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் பிரித்து விடுதலாகும். குழி ஊருடையது, அதில் இடப்பட்ட எரு இட்டவருடையது என்பதைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதிவைத்தல் நலம். தெருவிலும் கோயில் வெளியிலும் கூட்டிய சருகு ஊராட்சிக் குழிக்குச் செல்லவேண்டும். அவ்வெருவை ஏலத்தில் விட்டு, வரும் தொகையைத் தெருத் தூய்மைக்கே செலவிடலாம்.

இடத்தைத் தெரிந்தெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். கிராமப் பொதுநிலங்களைத் தனியார் அனுபவத்துக்கு விடலாகாதென உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ஆம் நாள் ஜக்பால் சிங் வழக்கில் வற்புறுத்தியது. ஆகையால் எருக்களம் எவருக்கும் நிலையான உரிமை தரும் ஒதுக்கீடாக அமையலாகாது. ஆண்டுமுறையிலேயே இருத்தல் வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கையும் மேய்ச்சல் நிலத்தையும் தொடலாகாது. குடிநீர்க் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பாலும், வீடுகளுக்குக் காற்று வீசும் திசைக்கு மாறாகவும், வண்டி சென்று திரும்பக்கூடியதாகவும், மழைநீர் தேங்காத மேட்டுப்பாங்காகவும் இடம் அமைதல் வேண்டும். நிலத்தின் வகைப்பாட்டைக் கிராமக் கணக்கில் சரிபார்த்தும், வேண்டுமிடத்து வட்டாட்சியரின் கருத்தைக் கேட்டும் தீர்மானித்தல் முறை.

குழியிடும் முறை

குப்பையை எருவாக்கும் முறையை ஆல்பர்ட் ஹோவர்ட் என்பார் 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து அவர் 1931-இல் அதனை நூலாக வெளியிட்டார். இது இந்தூர் முறை எனப்படும். பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் ஸி. என். ஆச்சார்யா, கிளறாமலே மண்பூசி மக்கவைக்கும் பெங்களூர் முறையை வகுத்தார். 1943-இல் தொடங்கிய அதிக உணவு உற்பத்தி இயக்கத்தின்போது நகரக் குப்பையை எருவாக்குவதற்கு இம்முறை பயன்பட்டது.

ஆடிக்குள் எரு வேண்டுவோர் இந்தூர் முறையையே கைக்கொள்ளவேண்டும். பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழமுள்ள குழி ஒரு குடும்பத்துக்குப் போதுமானது. அடியில் தென்னைமட்டைத் துண்டு, துவரைத்தட்டை போன்ற முரட்டுப் பொருள்களை அரையடி பரப்பினால் காற்று உட்செல்லும். அதன்மேல் சருகு அரையடி, பசுந்தழையும் களையும் மூன்று அங்குலம், சாணக்கரைசல், சிறிது பழைய எருவும் மண்ணும் என அடுக்கடுக்காக இட்டு, தரைக்குமேல் ஓரடி உயரும் வரையில் நிரப்பவேண்டும். காய்ந்த சருகில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. இருபத்தைந்து முதல் முப்பது பங்கு கரிச்சத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்னும் அளவில் இருந்தால் விரைந்து மக்கும். ஆகையால் சருகை மட்டும் குவித்தால் ஆண்டு கழிந்தும் சருகாகவே கிடக்கும். சாணமும் எருக்கு, கொளுஞ்சி, ஆவாரை போன்ற பசுந்தழையும் சேர்வதே சூட்சுமம்.

கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், நீர் சொட்டலாகாது. சில தினங்களில் குழியின் உட்சூடு 55 பாகைக்கு மேல் ஏறும். களை விதைகளையும் நோய்க்கிருமிகளையும் அழிப்பது அச்சூடே. மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும், மேலும் ஐந்து வாரங்கழித்து ஒருமுறையும் மேலது கீழாகக் கிளறி நீர் தெளிக்கவேண்டும். கோடையில் நீர் அரிதாகையால் குழியின்மேல் ஓலைப்பந்தல் இடுதல் நன்று. நீர் மிகவும் குறைந்த ஊர்களில் பெங்களூர் முறைப்படி மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி மூடிவிடலாம். அம்முறையில் எரு முதிர்வதற்கு ஆறு முதல் எட்டு மாதமாகும். ஆடிக்கு உதவாது, ஐப்பசிக்குப் பின்னரே உதவும்.

பார்த்தீனியச் செடியைப் பூக்குமுன்னரே பிடுங்கிக் குழியிலிடவேண்டும். பூத்தபின் இட்டால் சூடேறாத மேற்பகுதியில் விதை தங்கி வயலெங்கும் பரவும். தென்னந்தோப்புக்கு அருகேயுள்ள எருக்குழியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கிளறும்போது தென்படும் வெண்புழுக்களைப் பொறுக்கி அழிக்கவேண்டும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் தெளிப்பதும் நல்ல பயன் தரும்.

இலாபக் கணக்கு

மேற்கூறிய அளவுள்ள குழியின் கொள்ளளவு சற்றேறக்குறைய ஆறு கன மீட்டர். மக்கியபின் அது பாதியாகச் சுருங்கி, ஏறத்தாழ ஒன்றரை டன் எரு கிடைக்கும். நன்கு மக்கிய எருவில் நூற்றுக்கு அரைப் பங்கு தழைச்சத்து உள்ளதெனக் கொண்டால், ஒரு குழி எருவில் ஏழரைக் கிலோ தழைச்சத்து உண்டு. அது பதினாறு கிலோ யூரியாவில் உள்ள அளவுக்குச் சமம். நெல்லுக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து டன் எரு இடுமாறு சிபாரிசு செய்யப்படுகிறது. மூன்று குழிகள் நன்கு நிறைந்தால் ஓர் ஏக்கருக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஊரிலேயே கிடைக்கும். உர மூட்டையின் தேவை அடியோடு நீங்கிவிடும் என்று எவரும் எண்ணலாகாது. எருவிலுள்ள தழைச்சத்து மெல்லவே பயிருக்குக் கிட்டுவதாகும். ஆனால் இட்ட உரத்தை மண் பிடித்துவைத்துப் பயிருக்கு அளிக்கும் வன்மை எருவினாலேயே பெருகும்.

செய்யவேண்டுவன

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களுள் ஜனவரி 26-உம் மார்ச் 22-உம் அடங்கும். முன்னது இலையுதிர்வுக்கு முன்னர் வருவது. பின்னது பங்குனியிலேயே வருவது. ஜனவரிக் கூட்டத்தில் எருக்களத்துக்கு இடம் குறித்து, குழிகளை வெட்ட ஏற்பாடு செய்யலாம். மார்ச்சுக் கூட்டத்தில் குழிகளைப் பிரித்துவிட்டு, அந்நாள் முதல் தெருவில் குவிப்பதும் எரிப்பதும் கூடா என்று தண்டோரா மூலம் அறிவிக்கலாம். இடம் காட்டியபின் விதிக்கும் தடையை ஊரார் ஏற்பர். மீறுவோர்மேல் நடவடிக்கை எடுப்பதிலும் அதிகாரிகளுக்குச் சங்கடமிராது.

நிலமுடைய விவசாயிகள் இதில் முன்னிற்கவேண்டும். அவர்கள் வீட்டு முற்றத்துச் சருகு அவர்கள் குழிக்கே செல்லுமாயின், தெருக் குவியலில் பெரும்பகுதி அன்றே மறைந்துவிடும். இடமில்லாக் குடும்பங்களின் எருவை நியாயமான விலைக்கு வாங்குவோரும் அவர்களே. அவ்விலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் எவரும் சருகுக்குத் தீயிடமாட்டார். பங்குனியில் பெருக்கிய தெருவின் சருகு ஆடியில் வயலுக்குச் செல்லும் ஊரில், பறிமுதல் செய்யக் குவியலும் அபராதம் விதிக்கப் புகையும் இரா.